பத்தொன்பது தப்படி

மார்ச் 18

டிராக்டர் ஓட்டுநர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கரையைச் சுத்தம் செய்யப் புதிய ஓட்டுநர் வந்திருப்பதாக அலுவலகத்தில் சொன்னார்கள். நீங்கள் விடியுமுன் வந்து எட்டு மணிக்குப் போய்விடுகிறீர்கள். நான் எட்டரைக்குத்தான் வருகிறேன். பார்த்துப் பேச வழியில்லாததால் எழுதி வைக்கிறேன்.

ஐந்தாவது விளக்குக் கம்பத்துக்கு நேர் எதிரே, மணலில், நேற்று ஓர் உப்புக்கொத்திப் பறவையின் கூடு கண்டேன். கூடு என்றதும் சுள்ளியும் நாருமாக எதையும் தேட வேண்டாம். உள்ளங்கை அளவு ஒரு பள்ளம், சுற்றிலும் கொஞ்சம் சிப்பித் துண்டுகள், உள்ளே மூன்று முட்டைகள். முட்டைக்கும் மணலின் நிறமே. மிதித்த பிறகுதான் மிதித்தது தெரியும். பத்து வருடம் முன்பு இந்தக் கரையில் அறுபது ஜோடி இருந்தன. இந்த வருடம் பதினொன்று.

கூட்டைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறேன். கயிற்றிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி வண்டியைத் திருப்புங்கள். கயிற்றுக்குள் குப்பை கிடந்தால் விட்டுவிடுங்கள், நான் பொறுக்கிக்கொள்கிறேன். ஆசைப்பட்டு கூடுவரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு அதே வழியில் திரும்பாதீர்கள். கால் தடம் கூட்டில் போய் முடிந்தால் நாய்க்கும் காக்கைக்கும் நாமே வழி சொன்ன மாதிரி. பார்த்தே ஆக வேண்டுமென்றால், நிற்காமல் கடந்து போய்க்கொண்டே பாருங்கள்.

ஏதாவது சொல்ல இருந்தால் கருவிக் கொட்டகையில், முதலுதவிப் பெட்டிக்குக் கீழே ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதில் எழுதிப் போடுங்கள்.

நன்றியுடன்,
பறவைக் காவலர்

---

மார்ச் 19

பறவைக் காவலர் அவர்களுக்கு,

‘முப்பது மீட்டர்’ என்பதற்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாய். இருபத்து நான்கு வருடம் மளிகைச் சீட்டில் அந்த இரண்டு கோட்டைப் பார்த்தவன் நான். கொட்டகை விளக்கில் படித்ததும் சாவி கையிலிருந்து நழுவி டிராக்டருக்கு அடியில் போய்விட்டது. குனிந்து எடுக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடமும் சாவியை மட்டும் தேடினேன் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய்.

நீ இங்கே இருப்பது தெரிந்து நான் வரவில்லை. நம் மகள்மேல் ஆணை. இங்கே ஓட்டிக்கொண்டிருந்தவர் காலை உடைத்துக்கொண்டார், வடக்குக் கரையிலிருந்து என்னைத் தூக்கி இங்கே போட்டார்கள். ஒன்றரை வருடமாக நீ வேண்டாம் என்று சொன்னதால் போன்கூட அடிக்கவில்லை. இப்போது நான் இங்கே இருப்பது உனக்கு இடைஞ்சலாக இருக்கும். அதனால் இன்றைக்கே வேறு கரைக்கு மாற்றக் கேட்டு மேற்பார்வையாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ ஒன்றும் கவலைப்படாதே.

முப்பது மீட்டர் தள்ளித்தான் திருப்பினேன். எதற்கும் இருக்கட்டும் என்று ஐம்பதாகவே வைத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
டிராக்டர்

---

மார்ச் 21

ஓட்டுநர் அவர்களுக்கு,

மாற்றல் கேட்டு எழுதும்படி உங்களிடம் யார் சொன்னது? எனக்கு இடைஞ்சல் என்று நான் எங்கே சொன்னேன்?

நான் ஏன் வீட்டை விட்டு வந்தேன் என்று உங்களுக்குச் சந்தேகம் இருந்தால், அந்த மாற்றல் சீட்டை எடுத்து நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். தீவு ஆய்வு நிலையத்துக்குப் பொறுப்பாளராக என்னைக் கேட்டார்கள். இரண்டு வருட வேலை. நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே நீங்கள் துறை அலுவலகத்துக்குப் போய், “அவளுக்கு முதுகு வலிங்க, அங்கெல்லாம் போய் இருக்க முடியாது” என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். என்னை ஏன் கூப்பிடவில்லை என்று ஏழு மாதம் நான் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். கடைசியில் ஒரு குமாஸ்தா சொன்னார்: “உங்க வீட்டுக்காரர்தான் வந்து சொல்லிட்டுப் போனாரே, மேடம். ரொம்ப நல்ல மனுஷர்.” நல்ல மனுஷர்! அந்த வார்த்தைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாற்றல் சீட்டைத் திரும்ப வாங்குங்கள். உங்களுக்காகச் சொல்லவில்லை. இந்தக் கரையில் என் கயிற்றை மதித்த முதல் ஓட்டுநர் நீங்கள். முன்னால் இருந்தவர் கயிற்றிலேயே துண்டைக் காயப்போட்டவர்.

போன் வேண்டாம் என்றுதான் சொன்னேன். போனில் நாம் மூன்றாவது நிமிடத்தில் சண்டைக்கு வந்துவிடுகிறோம். எழுதுவதானால் எழுதலாம். கூட்டைப் பற்றி.

பறவைக் காவலர்

---

மார்ச் 26

காவலர் அம்மாவுக்கு,

சீட்டைத் திரும்ப வாங்கிவிட்டேன். மேற்பார்வையாளர், “என்னய்யா, போறேங்கறே, இருக்கேங்கறே, வீட்ல கேட்டியா?” என்றார். கேட்டேன் என்றேன். நீ திட்டியது அதற்குச் சமம்தானே.

கூட்டைப் பற்றி: தினமும் நான்கே முக்காலுக்கு முகப்பு விளக்கை அணைத்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் போகிறேன். நீ சொன்னபடி நிற்காமல், கம்பத்து விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறேன். உட்கார்ந்திருப்பதற்குத் தலை சற்றுச் செம்பட்டை, கழுத்தோரம் இரண்டு பக்கமும் கறுப்புத் தீற்றல். நாய்க்கார டாக்டர் இருக்கிறாரே, தினமும் ஆறு மணிக்கு நடக்க வருபவர், அவர் நடந்துவிட்டுத் திரும்பும்போது பார்த்தது மங்கலான நிறத்தில், கறுப்பே இல்லாதது என்கிறார். “உங்க கண்ணைக் காட்டுங்க” என்றார். “உங்க நாயைக் கட்டுங்க” என்றேன். கட்டிவிட்டார். ஆனால் யார் பார்த்தது சரி?

கூட்டைப் பற்றி அல்லாத ஒன்றும் எழுதலாமா? மகள் ஞாயிற்றுக்கிழமை பேசினாள். நாம் எழுதிக்கொள்கிறோம் என்று சொன்னேன். “லெட்டரா? ஒரே கரையில வேலை பாத்துக்கிட்டு லெட்டரா? நீங்க ரெண்டு பேரும் எந்த வருஷத்துல இருக்கீங்க?” என்று கேட்டாள். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஜலதோஷம் என்றாள்.

டிராக்டர்

---

ஏப்ரல் 1

ஓட்டுநருக்கு,

இரண்டு பேர் பார்த்ததும் சரி. நீங்கள் பார்த்தது ஆண், டாக்டர் பார்த்தது பெட்டை. இரவெல்லாம் ஆண் அடைகாக்கும், வெளிச்சம் வந்ததும் பெட்டை வந்து உட்காரும். நம்மைப் போல ஷிஃப்ட் என்று எழுதப் போகிறீர்கள். எழுத வேண்டாம்.

மகளுக்கு ஜலதோஷம் எல்லாம் இல்லை. எனக்கும் போன் செய்தாள்.

இப்போது கவனமாகப் படியுங்கள். பௌர்ணமியையொட்டி ஆறாம் தேதி விடியற்காலை பெரிய ஏற்றம் வருகிறது. கணக்குப்படி தண்ணீர் கூட்டைத் தாண்டி நான்கு மீட்டர் வரை ஏறும். முட்டை பத்தாம் தேதி வாக்கில்தான் பொரியும். அதனால் கூட்டை மேட்டுப் பக்கம் நகர்த்துகிறேன். பள்ளத்தை அப்படியே மணலோடும் சிப்பியோடும் ஒரு தட்டையான மரத் தட்டில் ஏற்றிவிட்டேன். தட்டின் விளிம்பு தெரியாமல் மணலில் புதைத்திருக்கிறேன். நாளுக்கு ஒரு மீட்டர் வீதம், ஆறாம் தேதிக்குள் ஐந்து மீட்டர்.

ஏன் ஒரேயடியாகத் தூக்கி வைக்கக் கூடாது என்று கேட்பீர்கள். இந்தப் பறவை முட்டையை அடையாளம் பார்த்து வருவதில்லை. இடத்தைப் பார்த்து வருகிறது. ஒரு மீட்டர் நகர்ந்தால் கொஞ்சம் திகைத்து, கழுத்தை நீட்டி, நடந்து வந்து உட்காரும். தூரமாகக் கொண்டுபோனால் அதற்கு அது வேறு யாருடையதோ முட்டை. இன்றைக்கு முதல் மீட்டர் நகர்த்தினேன். பதினோரு நிமிடத்தில் வந்து உட்கார்ந்தது. அந்தப் பதினோரு நிமிடமும் நான் மூச்சு விட்டேனா என்று நினைவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. கயிறும் நாளுக்கு ஒரு மீட்டர் ஏறும், அதைப் பார்த்துத் திருப்பிக்கொண்டால் போதும்.

உங்கள் இருமல் எப்படி இருக்கிறது என்று மகள் கேட்கச் சொன்னாள்.

பறவைக் காவலர்

---

ஏப்ரல் 4, காலை 5.40
(கொட்டகைக் கதவில்)

கூடு நீ வைத்த இடத்தில் இல்லை. நான் நகர்த்தினேன். பத்தொன்பது தப்படி, மேட்டு ஓரத்துக்கு.

இரவு காற்று மாறியிருக்கிறது. நான்கரைக்கு அலை கயிற்றுக்குள் வந்துவிட்டது. தட்டோடு தூக்கிவிட்டேன். இப்போது ஆண் பறவை பழைய இடத்தில் ஈர மணலில் உட்கார்ந்திருக்கிறது. கீழே ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. நான் செய்தது தப்பு.

உனக்கு மூன்று முறை போன் அடித்துவிட்டேன். முட்டைகளுக்குப் பக்கத்தில் காக்கை வராமல் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கையால் தொடவில்லை. சீக்கிரம் வா.

---

ஏப்ரல் 5

உங்களுக்கு,

நேற்று நடந்ததை ஒரு முறை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். வாயால் பேசியபோது நான் வரிசையாகப் பேசவில்லை.

தவறிய அழைப்புகளைப் பார்த்தபோது மணி ஆறு. சைக்கிளில் வந்து சேர்ந்தபோது ஆறு இருபது. நீங்கள் தொப்பியைக் கையில் பிடித்து முட்டைமேல் நிழலாகக் காட்டிக்கொண்டு நின்றீர்கள், வெயிலே வராத நேரத்தில். பேன்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது. “ரெண்டு தப்படி நகர்த்தியிருந்தா போதுமே, பத்தொன்பது எதுக்கு?” என்று கத்தினேன். “எதுக்கும் இருக்கட்டும்னு...” என்றீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குப் பறவை மறந்துபோய்விட்டது. முதுகு வலி, துறை அலுவலகம், குமாஸ்தா, எல்லாவற்றையும் இழுத்துப் போட்டேன். கேட்காமல் நல்லது செய்வது ஒரு வியாதி என்றேன். “திட்டு, ஆனா எங்கே வைக்கணும்னு சொல்லிக்கிட்டே திட்டு” என்றீர்கள். அதனால்தான் வாயை மூடினேன்.

ஆறரைக்குப் பெட்டை தன் ஷிஃப்டுக்கு வந்தது. ஆண் எழுந்து வழிவிட்டது. கீழே வெறும் மணல். பெட்டை குனிந்து பார்த்தது, ஆணைப் பார்த்தது. இரண்டும் அடுத்தடுத்து நின்றன. பதினெட்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன், அப்படி நின்று பார்த்ததில்லை.

தட்டைப் பழைய இடத்துக்குப் பின்னால் இரண்டு மீட்டரில் வைத்துவிட்டு நாம் மேட்டில் படுத்துக் கிடந்தோம். உங்கள் இருமலை நீங்கள் சட்டைக் கையைக் கடித்து அடக்கியதைப் பார்த்தேன். ஏழு ஐம்பதுக்குப் பெட்டை நடந்து வந்து, ஒரு சிப்பியை எடுத்து நகர்த்தி வைத்து, உட்கார்ந்தது. முட்டைகள் மூன்று மணி நேரத்துக்கு மேல் சூடில்லாமல் இருந்திருக்கின்றன. இன்று இன்னும் இரண்டு மீட்டர் ஏற்றிவிட்டேன், நாளைய தண்ணீருக்கு அது போதும். மூன்றும் பிழைக்குமா என்பது பத்தாம் தேதி தெரியும்.

இதையும் எழுதத்தான் வேண்டும்: பழைய இடம் முழுக்க நனைந்திருந்தது. நீங்கள் தூக்கியிராவிட்டால் தண்ணீர் தூக்கியிருக்கும். காற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இன்னொன்று. துறை அலுவலக விஷயத்தை நான் ஏழு மாதம் கழித்து வேறொருவர் வாயால் கேட்டேன். இதை நீங்கள் ஒரு மணி நேரத்தில் உங்கள் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தீர்கள். அந்தத் தாளை நான் கிழித்துப் போடவில்லை.

பறவைக் காவலர்

---

ஏப்ரல் 11

உங்களுக்கு,

நேற்று மதியம் பன்னிரண்டே காலுக்கு முதல் குஞ்சு. இரண்டு பத்துக்கு இரண்டாவது. ஈரம் காய்ந்ததும் எழுந்து நின்றன. பஞ்சு உருண்டைக்குத் தீக்குச்சியில் கால் வைத்த மாதிரி இருக்கின்றன. மூன்று மணி நேரத்தில் கூட்டை விட்டு நடந்து, தாமாகவே பூச்சி பொறுக்கத் தொடங்கிவிட்டன. இந்தப் பறவைகள் குஞ்சுக்கு ஊட்டுவதில்லை. காவலுக்கு நிற்கும், குளிர்ந்தால் இறக்கைக்குள் சேர்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

மூன்றாவது பொரியவில்லை. இன்று மாலை வரை பார்த்துவிட்டு எடுத்துவிட்டேன்.

வண்டித் தடம் ஆழமாக விழுந்தால் குஞ்சுகள் அதில் இறங்கி ஏற முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். பார்த்துக்கொள்ளுங்கள்.

பறவைக் காவலர்

---

ஏப்ரல் 12

காவலர் அம்மாவுக்கு,

இரண்டையும் இன்று காலை பார்த்தேன். முதலில் சிகரெட் துண்டு காற்றில் உருள்கிறது என்று நினைத்தேன். அப்புறம் அது காற்றுக்கு எதிராக ஓடியது.

மூன்றாவதைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று மணி நேரம் அதைக் குளிரில் வைத்தவன் நான். நீ அதைப் பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறாய், அதுவும் திட்டாமல். திட்டியிருக்கலாம். வண்டி ஓட்டும்போது ஐந்தாவது கம்பம் வந்தால் தானாகவே வலது பக்கம் பார்க்கிறேன். அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் பார்க்கிறேன். அந்த ஆண் பறவை உட்கார்ந்திருந்த மாதிரி.

நான்காம் தேதி உன் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து யோசித்ததில் ஒன்று தெளிவாயிற்று. துறை அலுவலகத்தில் உன் முதுகைச் சொன்னேன். உன் முதுகுக்காகத்தான் போனேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டும் இருந்தேன். அது இல்லை. மகள் படிக்கப் போய்விட்டாள், நீயும் இரண்டு வருடம் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாரிடம் பேசுவேன் என்ற பயம். ‘போகாதே, எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று உன்னிடம் சொல்வதைவிட, உனக்கு முதுகு வலி என்று ஊராரிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. கடைசியில் அதே வீட்டில் ஒன்றரை வருடமாக நான் யாரிடமும் பேசவில்லை.

இப்போது ஒரு கேள்வி. குஞ்சுகள் அலையோரம் ஒதுங்கிய பாசியில்தான் மேய்கின்றன. என் டிராக்டர் இழுக்கும் சல்லடை தினமும் அந்தப் பாசியைத்தான் வாரிக்கொண்டு போகிறது. அதை நிறுத்த மேற்பார்வையாளர் சம்மதிக்க வேண்டும். நான் பேசட்டுமா? இல்லை, நீ பேசுகிறாயா? நான் இன்னும் அவரிடம் வாயைத் திறக்கவில்லை.

டிராக்டர்

---

ஏப்ரல் 13

உங்களுக்கு,

நீங்களே பேசுங்கள். நானூறு மீட்டர், முப்பது நாள். என்ன பேசினீர்கள் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தின் முதல் பாதியை நான்கு முறை படித்தேன்.

---

ஏப்ரல் 15

காவலர் அம்மாவுக்கு,

ஒரு வார்த்தை விடாமல்:

“எவ்வளவு தூரம் விடணும்கறே?”

“நானூறு மீட்டர் சார். முப்பது நாளைக்கு.”

“எத்தனை குஞ்சு?”

“ரெண்டு.”

“ரெண்டு குஞ்சுக்கு நானூறு மீட்டரா? என் வீட்டுக்கு முன்னாடி சைக்கிள் நிறுத்தக்கூட இடம் இல்லய்யா.”

“உங்க வீட்ல எத்தனை பேர் சார்?”

“ஏழு பேர்.”

“அப்ப உங்களுக்கும் சேர்த்து யாராவது கயிறு கட்டணும் சார்.”

சிரித்துவிட்டார். சிரித்ததும் பாதி வேலை முடிந்தது. “பாசி நாறுதுன்னு புகார் வருமேய்யா, யார் பதில் சொல்றது?” என்றார். என் நம்பரைக் கொடுங்கள் என்றேன். கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, “அந்தப் பறவைக்கார அம்மா உன் வீட்டுக்காரம்மாதானே?” என்றார்.

“அத அவங்ககிட்டதான் சார் கேக்கணும்” என்றேன்.

அவ்வளவுதான். நடுவில் ஒரு இடத்தில், வேலைப் பளுவில் உனக்கு முதுகு வலி அதிகமாகியிருக்கிறது என்று ஒரு வரி சேர்த்தால் காரியம் இன்னும் வேகமாக முடியும் என்று தோன்றியது. நாக்கு நுனி வரை வந்தது. கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்துக்கொண்டேன், மத்தியானம் சாப்பிட முடியவில்லை.

டிராக்டர்

---

மே 10

அன்புள்ள காவலர் அம்மாவுக்கு,

உனக்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன், மன்னித்துக்கொள். இன்று ஐந்து ஐம்பத்தைந்துக்கு, நானூறு மீட்டரின் வடக்கு எல்லையில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். குஞ்சுகளில் பெரியவன் பாசியிலிருந்து ஓடி வந்தான். எப்போதும்போல நின்றுவிடுவான் என்று பார்த்தால், கால் ஓடிக்கொண்டிருக்கும்போதே தரையை விட்டுவிட்டது. இருபது மீட்டர் இருக்கும். இறங்கத் தெரியாமல் மூக்குக் குத்தினான். எழுந்து, யாராவது பார்த்தார்களா என்று பார்க்கிற மாதிரி பார்த்தான். சின்னவன் ஆறு பத்துக்கு. அவன் ஒழுங்காக இறங்கினான்.

நாய்க்கார டாக்டருக்குக் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். இரண்டு ஆண்பிள்ளைகள் மணலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டோம். நாய் எங்களை விநோதமாகப் பார்த்தது.

பதினேழாம் தேதியோடு உன் சீசன் முடிகிறது, டப்பாவை எடுத்துவிடுவார்கள் என்று பலகையில் எழுதியிருக்கிறது. அதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும். நான்கு நாளாக எழுதிக் கிழிக்கிறேன். வீட்டுக்கு வா என்று கேட்கவில்லை. அது உன் முடிவு. நீ இருக்கும் அறைக்கு ஞாயிற்றுக்கிழமை நான் வரலாமா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு சொல் எழுது. காரணம் எழுத வேண்டியதில்லை. எதுவும் எழுதாமல் மட்டும் விட்டுவிடாதே, எனக்கு அதைப் புரிந்துகொள்ளத் தெரியாது.

டிராக்டர்

---

மே 12

என்னங்க,

வரலாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் இன்னொன்றை எழுத வேண்டியிருக்கிறது.

மூன்றாவது முட்டை உங்களால் போகவில்லை.

முட்டைக்குள் குஞ்சு வளர்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்ப்போம். புதிய முட்டைக்குள் வெளிச்சம் ஊடுருவும். உள்ளே குஞ்சு வளர வளர இருண்டுகொண்டே வரும். ஏப்ரல் இரண்டாம் தேதி மூன்றையும் பார்த்தேன். இரண்டு இருண்டிருந்தன. ஒன்று, இட்ட அன்று இருந்தபடியே வெளிச்சத்தை உள்ளே விட்டது. அதற்குள் குஞ்சு உருவாகவே இல்லை. என் குறிப்பேட்டில் அன்றைய தேதியில் எழுதியிருக்கிறேன். நீங்கள் கூட்டைத் தூக்கியது அதற்கு இரண்டு நாள் கழித்து.

ஐந்தாம் தேதி, ‘மூன்றும் பிழைக்குமா’ என்று உங்களுக்கு எழுதியபோது எனக்கு விடை தெரியும். பதினோராம் தேதி, ‘மூன்றாவது பொரியவில்லை’ என்று எழுதினேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அப்படித்தான் பார்த்துப் பார்த்து எழுதினேன். நீங்கள் கொஞ்ச நாள் அதைச் சுமக்கட்டும் என்று நினைத்தேன். நான் ஏழு மாதம் ஒன்றும் தெரியாமல் இருந்தேனே, இவர் ஒரு வாரம் இருக்கட்டும் என்று. அடுத்த நாளே உங்கள் கடிதம் வந்தது, பயந்ததாக எழுதியிருந்தீர்கள். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு வாரம் ஒரு மாதமாகிவிட்டது. இன்னமும் ஐந்தாவது கம்பத்தில் நீங்கள் வலது பக்கம் திரும்பிப் பார்ப்பதாக டாக்டர் நேற்றுச் சொன்னார்.

உங்களுக்கு எது தெரியலாம், எது தெரியக் கூடாது என்று நான் முடிவு செய்தேன். அதைத்தான் உங்கள்மேல் குற்றமாகச் சொல்லிவிட்டு வீட்டை விட்டு வந்தேன்.

இதைச் சொல்லாமலே ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்திருக்கலாம். நீங்கள் என்றைக்கும் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள். ஆனால் இந்த அறையில் நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது. உங்களை உட்கார வைத்துவிட்டு எதிரில் நின்று உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று நினைத்துப் பார்த்தேன், முடியவில்லை.

இதைப் படித்த பிறகு ஞாயிற்றுக்கிழமை வருவதும் வராததும் உங்கள் விருப்பம். வராவிட்டால் நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

உங்கள்
மனைவி

---

மே 14

அன்புள்ள உனக்கு,

நேற்றே படித்துவிட்டேன். நேற்று எழுதியிருந்தால் அசிங்கமாக எழுதியிருப்பேன், அதனால் எழுதவில்லை.

கோபம் வந்தது. முப்பத்தோரு நாள். நான் எண்ணினேன். குளிரில் ஒரு குஞ்சைக் கொன்றுவிட்டேன் என்று மகளிடம்கூடச் சொல்லி அழுதிருக்கிறேன். அவள் என்னை அரை மணி நேரம் சமாதானப்படுத்தினாள். அங்கே குஞ்சே இருந்ததில்லை. நேற்று வண்டியை நிறுத்திவிட்டு, கயிறு இருந்த இடத்தைப் பார்த்து உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நாய்க்கார டாக்டர் பாதி வழியில் திரும்பிப் போய்விட்டார்.

இன்று காலையும் கோபம் இருந்தது. ஐந்தாவது கம்பத்தில் வலது பக்கம் பார்க்கவில்லை. அதை ஆறாவது கம்பத்தில்தான் கவனித்தேன்.

கோபம் ஆறிய பிறகு வருகிறேன் என்று எழுத நினைத்தேன். அது எப்போது ஆறும் என்று எனக்குத் தெரியாது. உனக்கு ஒன்றரை வருடம் ஆகியும் ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமையோ நாளை மறுநாள் வந்துவிடுகிறது. அதனால் கேட்கிறேன்.

கோபத்தோடவே வரலாமா?

---

மே 15

வாங்க. எனக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

காலை பத்து மணி. மாடிப்படியில் மூன்றாவது படி ஆடும், பார்த்து ஏறுங்கள். வரும்போது ஒரு நாற்காலி கொண்டுவர முடியுமா? ஒன்று போதும்.